எசென் மாமா விழுங்கிய அழுகை

மேட்டுச் சரிவில் ஒரு குதிரைக்காரனின் தொப்பி தெரிந்ததுமே ஜிபாரின் கை நின்றது. பாதி கறந்த பெட்டைக் குதிரையை அப்படியே விட்டுவிட்டு, வாளியைப் புல்லில் வைத்துவிட்டு எழுந்தாள். பக்கத்தில் குட்டியின் கயிற்றைப் பிடித்து நின்ற பெகிமாயிடம், "இங்கேயே நில்லு, அசையாத" என்று சொல்லிவிட்டு ஓடினாள். பின்னால் வாளி சாய்கிற சத்தம் கேட்டது. போகட்டும், பால்தானே.

அந்த மலையில் துக்கம் கேட்க வருகிறவன் வாயை மூடிக்கொண்டு வரமாட்டான். கூடாரம் கண்ணில் பட்டதும் குதிரையை முடுக்கி, "ஐயோ என் ரத்தமே" என்று குரல் கொடுத்துக்கொண்டே பாய்ந்து வருவான். முதலில் சத்தம் வந்து சேரும், பிறகுதான் ஆள். அப்படி அழாமல் வந்து இறங்கினால் அவன் உறவுக்காரனே இல்லை என்று ஊர் பேசும். அந்த அழுகை கூடாரத்தை எட்டுவதற்குள் ஆளை மறித்துவிட வேண்டும் என்பதுதான் இந்தக் கோடை முழுக்க ஜிபாருக்கு வேலையாகிப் போயிருந்தது. கறவை, பால் கடைவது, வறட்டி பொறுக்குவது, தயிர் வடிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தலை முக்காட்டை உருவி வீசிக்காட்டிக்கொண்டே ஓடினாள். வந்தது எசென். ஜிபாரின் ஓரகத்தி சைராவின் ஒன்றுவிட்ட அண்ணன், கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஆள். அவர் சாதாரணமாகக் கூப்பிட்டாலே அடுத்த பள்ளத்தாக்கில் நாய் குரைக்கும். அவர் அதற்குள் வாயைத் திறந்துவிட்டார்.

"ஐயோ என் குலக்கொழுந்தே! என் ஈரக்குலையே! எர்மெ..."

"அண்ணே! வாய மூடுங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாய மூடுங்க!"

எசென் கடிவாளத்தை இழுத்தார். அழுத முகம் அப்படியே உறைந்து நின்றது.

"என்ன தாயி சொல்ற? கூடாரம் மாறி வந்துட்டேனா?"

"கூடாரம் மாறல. சின்னவளுக்கு இன்னும் சொல்லல."

"எதச் சொல்லல?"

"எர்மெக் போனத. ஆஸ்பத்திரியிலதான் இருக்கான்னு சொல்லி வச்சிருக்கோம்."

எசென் குதிரையை விட்டு இறங்கினார். பெரிய உடம்பு, இறங்க நேரமானது.

"ஏ ஜிபார், மூணு நாளா வழியெல்லாம் அடக்கிட்டு வந்திருக்கேன். இங்க வந்து எறக்கி வைக்கலாம்னு வந்தேன். துக்க வீட்டுக்கு வந்து, மழை பெஞ்சுதா, பால் நல்லாக் கறக்குதான்னு கேக்கச் சொல்றியா?"

"ஆமாண்ணே. அப்படித்தான் கேக்கணும்."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்க."

"எனக்குத் தெரியாதா? மறைக்கச் சொன்னது அவ அப்பன். நான் மடியில நெருப்பக் கட்டிட்டு அலையுறேன். கண்ணத் தொடைங்க முதல்ல."

நடந்தது இதுதான். மந்தையை மலைக்கு ஓட்டக் கிளம்பிய அன்று சாயங்காலம் பெகிமாயின் அண்ணன் எர்மெக்குக்குக் காய்ச்சல் கண்டது. அப்பன் மம்பெத்தும் தாய் சைராவும் பிள்ளையைக் காரில் போட்டுக்கொண்டு நரின் டவுனுக்குப் போனார்கள். சின்னவள் பெகிமாயைப் பெரியப்பா கனிபெக்கும் பெரியம்மா ஜிபாரும் மலைக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். பதினோரு வயதுப் பிள்ளை, திரும்பி வரவில்லை. கீழே ஊரில் புதைத்தார்கள். கனிபெக் மட்டும் "ஆடு வாங்கப் போறேன்" என்று பொய் சொல்லிவிட்டுப் போய் மண் போட்டுவிட்டு வந்தான். மம்பெத் போனில் சொன்னான்: "மதினி, புள்ளைக்குச் சொல்லிடாதீங்க. இந்த மாதிரிச் செய்தியப் பெரியவங்க கூடி உக்காந்துதான் சொல்லணும். நாப்பதாம் நாளுக்கு அவளக் கூட்டிட்டு வாங்க, நாங்க சொல்றோம்." நியாயமாகத்தான் பட்டது. சாவுச் செய்தியை வாய்க்கு வந்தபடி சொல்லக்கூடாது, அதற்கு ஆள் வேண்டும், முறை வேண்டும் என்றுதான் அவர்கள் வளர்ந்திருந்தார்கள்.

கூடாரத்துக்குள் எசென் மாமாவுக்குப் பெகிமாய்தான் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். ஏழு வயதுப் பிள்ளை, ஒரு சொட்டு கீழே சிந்தாமல் ஊற்றினாள். அவர் கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அவளைப் பார்த்தால் அழுகை வரும் என்று புகை போகிற கூரை வளையத்தைப் பார்த்தார். புளித்த குதிரைப் பாலைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தார். அடக்கிய அழுகை விக்கலாகக் கிளம்பியது.

"பால்... ஹிக்... நல்லாக் கறக்குதா?"

"கறக்குது அண்ணே."

"மழை... ஹிக்... உண்டா?"

"உண்டு."

அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பெகிமாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, மாமாவுக்குப் புகை ஒத்துக்கல போல" என்றாள். எழுந்துபோய் அடுப்பிலிருந்து புகைந்த வறட்டியை இடுக்கியால் எடுத்து வெளியே போட்டுவிட்டு வந்தாள்.

எசெனால் அதற்குமேல் முடியவில்லை. வெளியே வந்து சேணத்தை இறுக்கினார். "அழ முடியாத வீட்டுல என்னால படுக்க முடியாது தாயி. ஓடைக்கு அந்தப் பக்கம் அனார் வீட்டுல கெடக்குறேன். நாளைக்கோ மறுநாளோ கீழ போயி சைராகிட்ட அழுதுக்கறேன்" என்றார். போகும்போதும் விக்கிக்கொண்டுதான் போனார்.

ஜிபாரைத் தின்றுகொண்டிருந்தது வேறொன்று. மலைக்கு வந்த புதிதில் பெகிமாய் தினமும் கேட்பாள். அண்ணனுக்கு ஊசி போட்டாங்களா, அண்ணன் சோறு தின்னானா, எப்ப வருவான். உப்புப் போட்ட தயிரை உருட்டிக் காயவைக்கும்போது, தன் பங்கு குருத் உருண்டைகளை ஒரு துணிப்பையில் தனியாகப் போட்டு, "இது அவனுக்கு" என்று கூடார விட்டத்தில் மாட்டி வைப்பாள். திடீரென்று ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்கிறவரைக்கும் ஜிபாருக்குப் பதில் சொல்லித் தொண்டை வற்றியது. கேட்காமல் விட்டபிறகு தூக்கம் போயிற்று.

"மறந்திருப்பா. சின்னப் புள்ள" என்றான் கனிபெக். தோல்பையில் பாலைக் கடைந்துகொண்டிருந்தான். மத்து தொப் தொப் என்று விழுந்தது.

"எப்பிடிங்க மறப்பா? ஒரே போர்வையில படுத்த புள்ளைக."

"அப்ப தெரிஞ்சிருக்கும்ங்கிறியா?"

"தெரிஞ்சா அழமாட்டாளா?"

"நீயே ஒண்ணு சொல்ற, நீயே அதை அறுக்குற. முதல்ல ஆட்டுக் கத்தரி எங்க வச்சேன்னு சொல்லு. ஆடுகள்ல பாதிக்கு உரோமம் அப்படியே நிக்குது."

"நான் எடுக்கல."

"பின்ன ஆடே எடுத்து ஒளிச்சு வச்சுக்கிச்சா?"

"செத்துத் தொலைங்க, உங்க கத்தரியக் காவல் காக்கத்தான் எங்கப்பன் என்னக் கட்டிக் கொடுத்தானா?" என்று எழுந்து போனாள் ஜிபார். அவள் வாயில் அந்தச் சொல் சகஜம். கனிபெக் பாட்டுக்குக் கடைந்துகொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் அனார் ஓடை தாண்டி வந்தாள், காலிப் பையைக் கையில் சுருட்டிக்கொண்டு.

"உங்க புள்ளைக்குத் தாராள மனசு அக்கா. முந்தாநாள் இந்தப் பை நெறையக் குருத் கொண்டாந்து எங்க புள்ளைகளுக்குக் குடுத்தா. கையில வாங்கினதுகள உடனே திங்க விடல. கையேந்தச் சொன்னா, முகத்தத் தொடைக்கச் சொன்னா, பிறகுதான் தின்னச் சொன்னா. பெரிய மனுஷி கணக்கா முன்னால நின்னுக்கிட்டிருந்தா. எனக்குச் சிரிப்புத் தாங்கல."

ஜிபாருக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டத்தைப் பார்த்தாள். எர்மெக்கின் பை அங்கே இல்லை. கையேந்தி, முகத்தைத் துடைத்து உண்பது செத்தவர் பேரில் கொடுக்கிற சோற்றுக்கு. பிள்ளை விளையாடியிருப்பாள் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். மனது கேட்கவில்லை.

போன் எடுக்கிற இடம் அந்த மலையில் ஒன்றே ஒன்றுதான், மேய்ச்சலுக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை. மதியக் கறவை முடிந்ததும் மூச்சிரைக்க ஏறினாள்.

"மதினி" என்றான் மம்பெத். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நாளன்னைக்கு நாப்பது. நீங்களும் அண்ணனும் வாங்க. பெகிமாய் வேண்டாம்."

"என்ன பேச்சு இது? நாப்பதுல சொல்றேன்னு சொன்னது நீதான்."

"சைரா சுவரப் பாத்து உக்காந்தது உக்காந்தபடி இருக்கா. சின்னவ மொகத்தப் பாத்தா எர்மெக்கத்தான் பாத்த மாதிரி இருக்குங்கிறா. ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு. பள்ளிக்கூடம் தொறக்கிற வரைக்கும் அங்கேயே வச்சுக்கோங்க."

"இலையுதிர்காலம் வரைக்குமா? நான் ஒவ்வொருத்தன் வாயாப் போயிப் பொத்திட்டு இருக்கணுமா? மம்பெத், புள்ள ஒரு மாதிரியா இருக்கா. கேக்க மாட்டேங்கிறா. எனக்குப் பயமா இருக்கு."

"சைரா போயிருவாளோன்னு எனக்குப் பயமா இருக்கு மதினி. நான் எந்தப் பயத்தப் பாக்க?" என்றவன் அழுதான். ஆண்பிள்ளை அழுகை, போனில் கரகரவென்று கேட்டது. ஜிபார் போனை வைத்தாள்.

இறங்கி வரும்போது மேற்கே மேகம் கறுத்திருந்தது. கறவைக்கு நேரமாகிவிட்டது. குட்டிகள் கயிற்றில் கட்டியபடி கனைத்தன, தாய்க்குதிரைகள் மடி கனத்து வந்து நின்றன. குட்டி பிடிக்க ஆள் இல்லை.

"பெகிமாய்!"

பதில் இல்லை. கூடாரத்துக்குள் இல்லை. வறட்டிக் குவியல் பக்கம் இல்லை. குட்டிகளைக் கட்டும் கயிற்றில் எர்மெக்கின் செவலைக் குட்டியும் இல்லை. இரண்டு வயதுக் குட்டி அது, பிள்ளைகள் ஏறுகிற பருவம்.  செவலையில் ஏறிக் கீழே கிளம்பிவிட்டாளா? ஓடையில் வெள்ளம் வேறு.

"இந்தாங்க! புள்ளையக் காணோம்!"

கனிபெக் ஓடைப் பக்கம் குதிரையை விரட்டினான். ஜிபார் மேலே ஓடினாள். ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. கல் கல்லாகத் தலையில் விழுந்தது. "பெகிமாய், என் கண்ணே, பெகிமாய்" என்று கத்தினாள். ஒரு பிள்ளையை மண் தின்றது, இன்னொன்றை என் கையிலிருந்து பிடுங்காதே என்று வானத்தைப் பார்த்து வேண்டினாள், திட்டவும் திட்டினாள். ஊற்றுக்குப் பின்னால் ஒரு குடைந்த பாறை உண்டு. அங்கே செவலையின் பின்பக்கம் தெரிந்தது. தெரிந்தது செவலைதானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. வாலைக் காணோம்.

குட்டியின் வால் பாதியில் நறுக்கப்பட்டுத் துடைப்பக்கட்டைபோல் நின்றது. பிடரி மயிர் ஏறுக்குமாறாக வெட்டியிருந்தது. பக்கத்தில் கல்லில் பெகிமாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் சிவந்த மயிர்க்கற்றை, காலடியில் கனிபெக்கின் ஆட்டுக் கத்தரி. கத்தரியின் பிடி பெரிது, உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

 போன இலையுதிர்காலத்தில் மாமனார் செத்தபோது அவருடைய கறுப்புக் குதிரைக்கு இப்படித்தான் வாலையும் பிடரியையும் நறுக்கினார்கள். எஜமான் செத்த குதிரை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும், வருஷம் முழுக்க யாரும் அதன்மேல் ஏறமாட்டார்கள். அன்றைக்குப் பெகிமாய் எர்மெக்கின் கையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்று பார்த்தாள். அதெல்லாம் பெரிய மனிதர்களுக்குச் செய்கிற மரியாதை. பிள்ளைகளுக்கு யாரும் செய்வதில்லை.

"யார் சொன்னா உனக்கு?" என்றாள் ஜிபார்.

"யாரும் சொல்லல."

"பின்ன?"

"எல்லாக் குதிரையும் மேட்டுல இருந்து வேகமா வருது. நீங்க ஓடிப்போனதும் மெதுவா வருது. வந்தவங்க என்னப் பாக்க மாட்டேங்கிறாங்க." கத்தரியைக் காலால் தள்ளினாள். "பெரியப்பா ஆடு வாங்கப் போனாரு. ஆடே வரல. பூட்ஸெல்லாம் மஞ்ச மண்ணு. அது தாத்தாவப் பொதைச்ச எடத்து மண்ணு."

ஜிபார் அவள் அருகில் உட்கார்ந்தாள். 

"தெரிஞ்சும் ஏண்டி கண்ணு கேக்கல? என்கிட்ட வந்து ஏன் அழல?"

 ஆலங்கட்டி பாறைமேல் சடசடத்தது. செவலை குட்டை வாலை ஆட்ட முயன்று பார்த்தது.

"நீங்க சொல்லலைல்ல. எல்லாருக்கும் சொன்னீங்க, எனக்கு மட்டும் சொல்லல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, உங்களுக்கெல்லாம் தெரியும்னு."

"என்ன தெரியும்?"

"நான் சொன்னது." குரல் உள்ளே போய்விட்டது. "மலைக்கு வர்ற அன்னைக்கு செவலை மேல யாரு ஏறுறதுன்னு சண்டை. அவன் என்னைத் தள்ளிட்டு ஏறிட்டான். நான்... செத்துப்போன்னு சொன்னேன். சாயங்காலம் காய்ச்சல் வந்துச்சு. அதான் அம்மா என்னக் கூப்பிடவே இல்ல. போன்ல கூடப் பேசல."

ஐயோ என்றிருந்தது ஜிபாருக்கு. பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று மேட்டுக்கும் கூடாரத்துக்குமாக ஓடினாளே, அவள் மறித்த ஒவ்வொரு குதிரைக்கும் பிள்ளை ஒரு கல் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இங்க பாரு. என் மொகத்தப் பாரு. உங்க பெரியப்பாவ ஒரு நாளைக்கு எத்தனை தடவ செத்துத் தொலைன்னு சொல்றேன்?"

பெகிமாய் யோசித்தாள். "நெறைய."

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்றேன். சாகுறாரா அந்த மனுஷன்? குண்டுக்கல்லாட்டம் இருக்காரு. நேத்துக்கூட சொன்னேன். ராத்திரி ஒரு தட்டு கறி கூடுதலாத் தின்னாரு."

பிள்ளையின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று அதற்கே தெரியவில்லை.

"சொல்லுக்கு அந்தச் சக்தி இருந்தா இந்த மலையில ஒரு புருஷன் மிஞ்சமாட்டான். அவனுக்கு வந்தது மூளைக்காய்ச்சல். டாக்டருங்க பாத்தாங்க, முடியல. நீ சொன்னதால வரல, நீ சொல்லாம இருந்திருந்தாலும் வந்திருக்கும். எர்மெக் செத்துட்டான் கண்ணு. உங்க அண்ணன் செத்துட்டான். நான் மொதல்லயே உன்கிட்ட சொல்லியிருக்கணும். என் வாயில வரல."

அந்தச் சொல்லை இத்தனை நாளில் அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அவளுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெகிமாய் மட்டும் அழவில்லை. மடியிலிருந்த மயிரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, தாத்தா செத்தப்ப எசென் மாமா வந்தாருல்ல. பெரியப்பாவக் கட்டிப்பிடிச்சு அழுதாரு. அப்பாவக் கட்டிப்பிடிச்சு அழுதாரு. எனக்கு மட்டும் ஏன் அழல? பால் கறக்குதான்னு கேட்டாரு."

ஜிபார் எழுந்தாள்.

வெள்ளத்தைப் பார்த்துவிட்டுப் பேயறைந்த முகத்தோடு வந்த கனிபெக், பிள்ளையைக் கண்டதும் குதிரையிலிருந்து குதித்தான். கத்தரியைப் பார்த்தான், செவலையைப் பார்த்தான்.

"மறுபடி ஏறுங்க" என்றாள் ஜிபார். "நேரா அனார் வீட்டுக்குப் போங்க. எசென் அண்ணன் இருப்பாரு. அவரை நேத்து வந்த வழியிலயே திரும்ப வரச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல?"

"அழுதுட்டு வரச் சொல்லுங்க."

மழை விட்டிருந்தது. ஜிபார் பிள்ளையின் முகத்தைக் கழுவி, தலையைப் பின்னி, கூடார வாசலில் நிறுத்தினாள். பெரியவர்கள் நிற்கிற இடம் அது. கறக்காத குதிரைகள் கனைத்துக்கொண்டிருந்தன. வெகுநேரம் மேடு சும்மா கிடந்தது. மனுஷன் கிளம்பிப் போயிருப்பாரோ என்று ஜிபார் தவித்தாள். பிறகு அந்தத் தொப்பி தெரிந்தது.

எசென் மாமா விழுங்கி வைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்தது. "ஐயோ என் குலக்கொழுந்தே! என் ஈரக்குலையே! எர்மெக்கே! உன்னத் தனியா விட்டுட்டோமே!" சரிவில் குதிரை பாய்ந்து வந்தது, ஆடுகள் சிதறின, நாய்கள் குரைத்தன. யாரும் முக்காட்டை வீசவில்லை. வந்த வேகத்தில் இறங்கினார். கனிபெக்கைத் தாண்டினார், ஜிபாரைத் தாண்டினார். நேரே வந்து ஈரப் புல்லில் முழங்காலிட்டு, ஏழு வயதுப் பிள்ளையின் தோளில் தலையைச் சாய்த்தார். "தாயி, உன் அண்ணன் போயிட்டானே தாயி, உனக்கு நான் எப்பிடி ஆறுதல் சொல்லுவேன்" என்று பெரிய மனுஷிக்கு அழுகிற முறையில் ஓவென்று அழுதார்.

பெகிமாய் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். முதலில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிறகு நிற்கவே இல்லை.

நாற்பதுக்கு அவளையும் கூட்டிக்கொண்டுதான் கீழே இறங்கினார்கள். ஜிபார் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வழியில் எசென், "செவலை மேல ஏறாத தாயி. அது இப்ப உங்க அண்ணனோடது. கயித்தப் பிடிச்சு நடத்திட்டு வா" என்றார். பெகிமாய் மலைப்பாதை நெடுக நடந்துதான் வந்தாள். ஊர் எல்லையில் வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் அந்த நறுக்கிய வாலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்கள்.

வளைவு திரும்பினால் வீடு. வாசலில் அடுப்பு மூட்டியிருந்தார்கள், கறி வெந்துகொண்டிருந்தது. எசென் தொண்டையைச் செருமினார். ஜிபார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பெகிமாய் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டாள். குட்டியும் கூடவே ஓடியது. "ஐயோ என் அண்ணே! என் எர்மெக் அண்ணே!" சின்னக் குரல்தான். ஆனால் உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள்.

"யாரு அழுறது?" என்று உள்ளிருந்து சைராவின் குரல் கேட்டது. "அது யாரு?"

நாற்பது நாளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். ஒப்பாரியிலிருந்து தாய் எழுந்து வரக்கூடாது என்பார்கள். ஒருத்தரும் அவளைத் தடுக்கவில்லை. பெகிமாய் ஓட்டத்தை நிறுத்தி, மூச்சு வாங்க அம்மா முன்னால் நின்றாள்.

"அம்மா" என்றாள். "உனக்கு அழ வந்திருக்கேன்."